நிதானம்

வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போக உள்வழிகள் எத்தனையோ இருக்கின்றன, மேடம். ஆனாலும் நான் பாடி மேம்பாலம் வழியாகத்தான் போவேன். காலையில் அங்கே எல்லாரும் நின்றாக வேண்டும். லாரியும் நிற்கும், கம்பெனி பஸ்ஸும் நிற்கும், பெரிய காரும் நிற்கும். யாரும் யாரையும் முந்த முடியாது. வருடக்கணக்காக அங்கே நின்று நின்று, காத்திருக்கும்போது பதறாமல் இருக்கப் பழகிவிட்டேன். இப்போது நீங்கள் கேட்பதற்கும் பதறாமல் பதில் சொல்கிறேன் என்றால் அதுதான் காரணம். நெஞ்சழுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

விசாரணையில் ராஷித் உங்களிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அவன் பொறியாளன். என்ன செய்தோம் என்பதைச் சொல்வான். ஏன் செய்தோம் என்பதை அவனுக்குச் சொல்ல வராது. அதை நான் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனமான துணைக்குரல், அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய ஸ்பிரிங் தொழிற்சாலை ஒன்றுக்குக் கண்ணாடி போட்டு ஆபீஸாக்கிய கட்டடத்தில் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை உள்ள சில தனியார் மருத்துவமனைகளுக்கு வரும் அவசர அழைப்புகளை எங்கள் இயந்திரம்தான் எடுக்கும். நோயாளியோ வீட்டாரோ பேசுவதைக் கேட்டு, அது அழைப்பைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும். சிவப்பு என்றால் ஆம்புலன்ஸ் உடனே கிளம்பும். மஞ்சள் என்றால் செவிலியர் வரிசைப்படி திருப்பிக் கூப்பிட்டு விசாரிப்பார். பச்சை என்றால், நாளைக்கு வந்து டாக்டரைப் பாருங்கள்.

அந்த இயந்திரம் யாருக்காவது ஓரவஞ்சனை செய்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நியாயப் பிரிவின் தலைவர் என்று என் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும். முதலில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பிறகு பழகிவிடும்.

வெளிநாட்டில் இதே ஆராய்ச்சியைச் செய்கிறவர்கள் தோல் நிறத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கு அது சுலபம். நம் ஊரில் ஒரே நிறத்தில், ஒரே தெருவில் ஏழெட்டுப் படிகள் இருக்கும். எந்தப் படி என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் சாதி பேசுகிற வழக்கமே கிடையாது. பேச வேண்டிய அவசியம் எங்களுக்கு வந்ததில்லை.

ஆகவே நாங்கள் பேச்சை வைத்துப் பிரித்தோம். இதைச் செய்து கொடுத்தவள் ஷாரன். என் பிரிவில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். ஆவடியில் ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தோணியார் காலனியில் வீடு. நல்ல படிப்பு, நல்ல தமிழ். வானொலியில் செய்தி வாசிப்பவர்களைப் போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும். காலனியிலிருந்து வருகிற பெண் என்று அவள் சொன்னால்தான் தெரியும். அவளே சொல்வாள், மறைக்க மாட்டாள்.

அவள் ஐந்தாறு மாதம் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். மாங்காட்டுப் பக்கத்து அடுக்குமாடிகள், ஆவடிக் காலனிகள், குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள், எல்லா இடமும். பிறகு ஒரு கூட்டத்தில் இரண்டு அழைப்புகளை எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். முதல் குரல் ஒரு பெண்மணியுடையது. "என் கணவருக்கு நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது, வண்டி அனுப்ப முடியுமா?" இயந்திரம் சிவப்பு என்றது. இரண்டாவது ஓர் ஆணின் குரல். "அண்ணாத்தே, எங்க ஊட்ல அப்பாக்கு மாரு புட்ச்சிகினு கீது. வேர்த்து ஊத்துது. இன்னான்னே தெர்ல." இயந்திரம் மஞ்சள் என்றது.

இரண்டு நோயாளிகளுக்கும் ஒரே நோய். மருத்துவமனைக் குறிப்பில் ஒரே பெயர்தான் எழுதியிருந்தது. முதலாமவர் இப்போது பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். இரண்டாமவர் இல்லை.

"இயந்திரம் புதுசா எதையும் கண்டுபிடிக்கல சார்," என்றாள் ஷாரன். "முன்னாடி அந்தச் சீட்ல உக்காந்து போன் எடுத்தவங்க யாருக்கு உடனே வண்டி அனுப்பினாங்க, யாரைக் 'குடிச்சிருக்கியா'ன்னு கேட்டாங்க, அதை அப்படியே படிச்சிருக்கு."

எவ்வளவு சுத்தமான ஆராய்ச்சி என்று பாருங்கள். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. ஆராய்ச்சித் தாளில் படித்தவர்கள் பேச்சு மேலே ஒரு கட்டமாகவும், காலனிப் பேச்சு கீழே ஒரு கட்டமாகவும் இருந்தன. நாளடைவில் நாங்கள் மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டோம். ஷாரனுக்கு அந்தப் பெயர்கள் பிடிக்கவில்லை. எனக்கு அதில் தவறு தெரியவில்லை. காகிதத்தில் எது மேலே இருந்ததோ அதை மேல் என்றோம்.

அவள் ஒரு தீர்வும் வைத்திருந்தாள். மஞ்சளில் விழும் காலனி அழைப்புகளைச் செவிலியர்களை விட்டு மறுபடி கேட்கச் சொல்லி, இயந்திரத்துக்குப் புதிதாகப் பாடம் எடுப்பது. அதோடு வண்டிகளைக் கூட்டுவது. ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு வண்டி எப்போதும் நிற்க வேண்டும் என்று சண்டை போட்டு, அந்த ஒன்றை மட்டும் வாங்கியும் விட்டாள். மீதிக்கு நிர்வாக இயக்குநர் விக்ரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பரந்தாமன், அந்தப் பெரிய ஹாஸ்பிடல் குரூப் நியாயச் சான்றிதழ் கேக்கறாங்க. ரெண்டு பக்கமும் காத்திருக்கற நேரத்துல கேப் ஜீரோ ஆகணும். எப்படியாவது பண்ணுங்க. ஆனா வண்டி வாங்கற பேச்சை மட்டும் எடுக்காதீங்க."

நியாயமான வேண்டுகோள்தான். ஒரு நிறுவனத்துக்கு அதன் வரம்புகள் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், மேடம். இரண்டு தட்டுகளும் சமமாக வேண்டுமானால் கீழே இருப்பதைத் தூக்கலாம். இல்லாவிட்டால் மேலே இருப்பதை இறக்கலாம். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். தூக்குவதற்கு வண்டி வேண்டும், டிரைவர் வேண்டும், செவிலியர் வேண்டும், காலம் வேண்டும். இறக்குவதற்கு எதுவும் வேண்டாம். படித்த பேச்சு பேசுகிறவர்களின் அவசர மதிப்பெண்ணில் கொஞ்சம் குறைத்தால் போதும். சிவப்பின் ஓரத்தில் இருப்பவர்கள் மஞ்சளுக்கு வந்துவிடுவார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவே காத்திருப்பார்கள்.

இயந்திரத்தில் அதற்கு ஓர் அமைப்பு வைக்க ராஷித்திடம் சொன்னேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டான். நிதானம் என்று வைக்கச் சொன்னேன். அவன் உடனே செய்யவில்லை.

"சார், இது ஆம்புலன்ஸ் சார். ரேஷன் கடை இல்ல."

"ரேஷன் கடையில்தான் ராஷித், யாராக இருந்தாலும் வரிசையில் நிற்கிறார்கள்," என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் செய்தான். பூந்தமல்லியில் அவனுக்கு அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள், வேலை வேண்டும். அவனை நீங்கள் அதிகம் வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிதானத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் கையில்தான் இருந்தது.

அந்த மாதமே இடைவெளி மறைந்துவிட்டது. இரண்டு பக்கத்தாரும் சராசரியாக ஒரே நேரம் காத்திருந்தார்கள். சான்றிதழ் வந்தது. கிண்டிப் பக்கம் ஓர் ஓட்டலில் நடந்த மாநாட்டில் எனக்குச் சால்வை போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை, நிறவேற்றுமையைப் பற்றி முப்பது வருடம் ஆராய்ச்சி செய்தவர், என் கையைப் பிடித்துக் குலுக்கி, எங்கள் நாட்டில் இத்தனை வருடத்தில் எங்களால் முடியவில்லையே என்றார்.

வண்டிகள் முன்பைவிட அதிக நேரம் சும்மா நிற்பதை விக்ரம் கவனித்தார். சிவப்பு குறைந்தால் அப்படித்தான் இருக்கும். அவற்றில் நான்கை நிறுத்திவிட்டார். அது என் பிரிவின் முடிவு அல்ல.

தங்கராஜ் என்பவரைப் பற்றிக் கேட்டீர்கள். ஐயப்பன்தாங்கலில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருடைய அழைப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மிகவும் அழகான தமிழ். "வணக்கம். எனக்கு இடது தோளிலிருந்து தாடை வரை வலி பரவுகிறது. சற்று மயக்கமாகவும் இருக்கிறது. சிரமமில்லையென்றால் வாகனம் அனுப்பி உதவ வேண்டுகிறேன்." வலிக்கும்போதும் வேண்டுகிறேன் என்று சொல்கிற மனிதர். நிதானம் இல்லாவிட்டால் சிவப்பு வந்திருக்கும். மஞ்சள் வந்தது. செவிலியர் முறைப்படி திருப்பிக் கூப்பிட்டபோது அவருடைய மனைவி எடுத்து, "கொஞ்சம் இருங்கம்மா, அவர் தூங்கறார், எழுப்பிக்கிட்டு இருக்கேன்," என்றார். எழுப்பிக்கொண்டே இருந்தார்.

வருத்தமான விஷயம்தான். ஆனால் அதே வாரம் பட்டாபிராமில் ஒரு கட்டடத் தொழிலாளியும் மஞ்சளில் இறந்திருந்தார். அவருக்காக யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் என்னை இப்படி உட்கார வைத்துக் கேட்கவில்லை. தங்கராஜ் ஐயா இறந்ததும்தான் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். நான் ஆராய்ச்சி செய்வதே இந்த வேற்றுமையைத்தான், மேடம்.

ஷாரனுக்கு நிதானத்தைப் பற்றி அதுவரை தெரியாது. தெரிய வேண்டாம் என்று நான் மறைக்கவில்லை, அவள் கேட்கவில்லை. இடைவெளி மறைந்தது இயந்திரம் புதிதாகக் கற்றுக்கொண்டதால்தான் என்று அவளாகவே நம்பியிருந்தாள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குத் தன் அப்பாவையும் ஆபீஸுக்குக் கூட்டி வந்தாள். இக்னேஷியஸ் என்று பெயர். பாடியில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு டப்பா நிறையக் கல்கலாவும் கேக்கும் கொண்டுவந்து மேஜைக்கு மேஜை கொடுத்தார்.

"இன்னா சார், நல்லா கீறீங்களா?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஊட்ல எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான் சார். எங்காளுங்க போன் பண்ணா இனிமே வண்டி வந்துடும்னு சொல்லிகினு கீது. காலனி ஃபுல்லா சொல்லிட்டேன் நானு. எம் பொண்ணும் அவங்க சாரும் சேந்து பண்ணாங்கோன்னு."

கேக் நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தங்கராஜ் ஐயாவின் மனைவி புகார் கொடுத்த பிறகு ஷாரன் பழைய அழைப்புகளைத் தோண்ட ஆரம்பித்தாள். இரண்டு மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டாள். என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கோபமாகப் பேசவில்லை. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"கீழ இருக்கறவங்களுக்கு என்ன கிடைச்சது சார்?"

"சமத்துவம்," என்றேன்.

"ஒரு நிமிஷமாவது குறைஞ்சுதா? அவங்களுக்கு?"

குறையவில்லை. அதை நான் மறுக்கவில்லை. இடைவெளியைத்தான் அளக்கச் சொன்னார்கள். இடைவெளியைத்தான் அளந்தோம் என்றேன். அவள் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள். காத்திருக்கிற நேரம் சமமாகிவிட்டது, ஆனால் சாவு சமமாகவில்லை. கீழ்ப் பக்கத்தில்தான் இன்னும் அதிகம். சந்துக்குள் வண்டி போகாது, முதலில் ஆட்டோ தேடுவார்கள், கடைசியில்தான் போன் செய்வார்கள். ஒரே நேரம் காத்திருந்தாலும் அவர்கள்தான் அதிகம் சாகிறார்கள்.

"காத்திருக்கறது சமம். சாகறது சமமில்ல சார். அளக்கணும்னா இதை அளங்க."

இதைத்தான் நான் ராஷித்திடமும் சொன்னேன், அவனுக்குப் புரியவில்லை. நீங்களாவது குறித்துக்கொள்ளுங்கள். சாவை அளக்க வேண்டும் என்ற யோசனை என்னுடையது அல்ல. ஷாரனுடையது. ஆராய்ச்சியில் யாருடைய யோசனை என்பதைச் சொல்லிவிட வேண்டும், அது ஒழுக்கம். அவள் கீழ்ப் பக்கத்தில் சாவைக் குறைக்கத்தான் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்கு வண்டி வேண்டும். வண்டி இல்லை என்பது முடிந்துபோன பேச்சு. என் கையில் இருந்தது நிதானம் ஒன்றுதான்.

அந்த மாதத்திலிருந்து காத்திருக்கும் நேரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் இரண்டு பக்கத்துச் சாவுகளையும் பார்ப்பேன். கீழ்ப் பக்கம் அதிகமாக இருந்தால் மேல் பக்கத்துக்கு நிதானத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். அடுத்த மாதம் அவை நெருங்கி வரும். மழைக்காலத்தில் காலனிகளில் தண்ணீர் நின்று வண்டி போக முடியாமல் கீழே நிறையப் பேர் போய்விட்டார்கள். அப்போது நிறையக் கூட்ட வேண்டியிருந்தது. மழை விட்டதும் குறைத்தேன். நீங்கள் நினைப்பதுபோல அது கண்மூடித்தனமாகச் செய்த வேலை அல்ல. மிகவும் கவனமாகச் செய்தேன்.

எத்தனை பேர் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். அதை நான் எண்ணவில்லை, மேடம். விகிதத்தைத்தான் எண்ணினேன்.

ஷாரன் அதையும் கண்டுபிடித்தாள். இந்தமுறை கதவைச் சாத்தவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, ஆராய்ச்சித் தாளிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். ராஜினாமாவைக் கொடுத்தாள். சுகாதாரத் துறைக்கும் போலீசுக்கும் போகப்போவதாகச் சொன்னாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க யாரையும் வெறுக்கறீங்கன்னா எனக்குப் புரிஞ்சிடும் சார்," என்றாள். "நீங்க யாரையும் வெறுக்கல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இங்கே உங்கள் கேள்விக்கு நேராக வந்துவிடுகிறேன். எங்கள் ஊழியர்களின் குடும்பங்கள் அழைத்தால் இயந்திரம் எடுக்காது. அந்த எண்கள் நேராக ஒரு மூத்த செவிலியருக்குப் போகும். அவர் கேட்டு உடனே வண்டி அனுப்பிவிடுவார். எல்லா நிறுவனங்களிலும் இப்படிச் சின்னச் சின்ன வசதிகள் இருக்கும். யாராவது வேலையை விட்டால் மாதம் முடிந்த பிறகு மனிதவளப் பிரிவு அவர்களின் எண்ணை நீக்கும். ஷாரனின் எண்ணை அவர்கள் நீக்கவில்லை. நான் நீக்கினேன். அவள் ராஜினாமா கொடுத்த அன்றே, அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிய பிறகு.

பழிவாங்கவா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள்மீது எனக்குக் கோபமே கிடையாது. வேலையை விட்ட ஒருத்திக்கு மட்டும் சலுகை தொடர்ந்தால் அது மற்றவர்களுக்குச் செய்கிற அநியாயம். அப்படித்தான் அப்போது நினைத்தேன். அவளுடைய அப்பாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சு வலி வந்திருந்தது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. விடுப்புக் கேட்டு அவள் எழுதியபோது அனுமதித்தது நான்தான்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் கூட்டமில்லை. வந்துகொண்டிருக்கும் அழைப்புகளைப் பெரிய திரையில் பார்ப்பது என் வழக்கம். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டால் பேசுவதும் கேட்கும். ஒரு குரல் வந்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

"வணக்கம், அந்தோணியார் காலனியிலிருந்து பேசுகிறேன். என் அப்பாவுக்கு வயது அறுபத்து மூன்று. மூச்சுத் திணறல், நெஞ்சில் அழுத்தம். ஆவடி மார்க்கெட் வண்டியை அனுப்புங்கள்."

எவ்வளவு பதற்றத்திலும் வாக்கியம் குலையவில்லை. தன் எண் நேராகச் செவிலியருக்குப் போகும் என்று நினைத்திருப்பாள். அந்தத் தெளிவான தமிழைக் கேட்டு இயந்திரம் அவளை மேல் பக்கத்தில் வைத்தது. நிதானத்தைக் கழித்தது. மஞ்சள்.

மறுமுனையில் இயந்திரத்தின் குரலைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த இயந்திரத்தை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. உடனே வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். இந்தமுறை அவள் பேசியது வேறு குரல். அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"நைனாக்கு மூச்சு உட முடில, மாரப் புட்ச்சிகினு உழுந்துட்டாரு. கண்ணு சொருகுது. வண்டிய அனுப்புங்கோ. மார்க்கெட்டாண்டதான நிக்குது வண்டி, அனுப்பேன். சீக்கிரம் அனுப்பேன்."

அந்தப் பேச்சுக்கு நிதானம் கழிவதில்லை, நான் கூட்டி வைத்திருந்ததில் இப்போது அதற்குத்தான் சிவப்புக்கு வாய்ப்பு அதிகம். அவள் கணக்கு சரிதான். ஆனால் ஒரே எண்ணிலிருந்து திரும்பவும் வரும் அழைப்பை இயந்திரம் முதல் அழைப்போடுதான் சேர்க்கும். அதை வைத்தது ராஷித், அவளுக்குத் தெரிந்திருக்காது. மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டே ஜெபம் சொல்வது கேட்டது. அவளுடைய அம்மா தெரசாவாக இருக்க வேண்டும். பிறகு ஷாரன், "சார் கீறாரா அங்க?" என்றாள். "பரந்தாமன் சார், பாத்துகினு கீறீங்களா? சார்?"

காத்திருங்கள், உங்கள் அழைப்பு வரிசையில் இருக்கிறது என்று இயந்திரம் பதில் சொன்னது.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் மஞ்சளின் மேல் விரலை வைத்து அழுத்தினால் சிவப்பாகிவிடும். அந்த அதிகாரம் எனக்கு உண்டு. ஒரே ஒரு முறை பயன்படுத்தியும் இருக்கிறேன், விக்ரமின் மாமியாருக்காக. அவர் ஊரிலிருந்து வந்த விருந்தாளி, கணக்கில் வரமாட்டார். ஆனால் தெரிந்த பெண் கூப்பிடுகிறாள் என்பதற்காக விரலை வைத்தால், இத்தனை மாதம் நான் செய்த ஆராய்ச்சிக்கு என்ன அர்த்தம்? தெரிந்தவன், வேண்டியவன், நம்மவன் என்பதில்தானே எல்லாப் படிகளும் ஆரம்பிக்கின்றன? கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆவடி மார்க்கெட் வண்டி இருந்த இடத்திலேயே நின்றது. திரையில் அது ஒரு பச்சைப் புள்ளி. அவள் சண்டை போட்டு வாங்கிய வண்டி. அன்று மத்தியானம் முழுவதும் அதற்கு வேலை எதுவும் வரவில்லை.

அக்கம்பக்கத்தார் அவரை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்களாம். ரயில்வே கேட் மூடியிருந்ததாம். கேட்டிலேயே முடிந்துவிட்டது.

இதில் இன்னொன்றும் உண்டு. ராஷித்துக்கு அது தெரியாது, நீங்களும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வதுதான் முறை. அந்த மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. கீழ்ப் பக்கத்தைவிட மேல் பக்கத்தில் சாவு ஒன்று குறைவாக இருந்தது. அதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். அவளுடைய குரல் கேட்டபோது எனக்கு அது ஞாபகம் இருந்தது.

அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். காலனியே வந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து பழைய ஆட்கள் வேட்டியும் யூனிஃபாரமுமாக வந்திருந்தார்கள். நான் மாலையை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். சிலர் எனக்கு வழிவிட்டு, "அந்தப் பொண்ணோட சாரு," என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் எனக்காக நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மண் போட்டு முடிந்ததும் ஷாரன் என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முகம் வீங்கியிருந்தது, ஆனால் குரல் பழையபடி தெளிவாகிவிட்டது. கூட்டங்களில் கேட்பதுபோலவே கேட்டாள்.

"எங்கப்பாவை எந்தப் பக்கத்துல எழுதினீங்க சார்?"

நல்ல கேள்வி. கூப்பிட்ட குரல் ஒரு பக்கம், செத்த மனிதர் வேறு பக்கம் என்றால் எதில் சேர்ப்பது? எங்கள் முறையில் அதற்கு விதி இல்லை. அந்தக் குறையை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். நான் மறைக்காமல் உண்மையைச் சொன்னேன். மேல் பக்கத்தில் எழுதினேன் என்றேன்.

அவள் அம்மாவிடம் போய்விட்டாள். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உயிரோடு இருந்தவரை இக்னேஷியஸை அந்தப் பக்கத்தில் யாரும் சேர்த்ததில்லை, மேடம். நான்தான் சேர்த்தேன்.